மயக்கம் தெளிந்து பேசியவை

ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள ப்ரியா பெட் கிளினிக்கில் அந்த வருடம் பல மாதங்கள் காலை வேலைகள் ஒரே வரிசையில் நடந்தன. உதவியாளர் ஆரோக்கியமேரி பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஷட்டரைத் தூக்குவார். தரையைப் பினாயில் போட்டுத் துடைப்பார். கூண்டுகளில் நனைந்து கிடக்கும் செய்தித்தாளை உருவிவிட்டுப் புதிய தாளை விரிப்பார். டாக்டர் பொன்ராஜ் மாடியிலிருந்து இறங்கி வந்து, எடை மெஷினில் தானே ஏறி நின்று அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். அவருடைய மருமகன் டாக்டர் சேரன் கத்தரிகளையும் இடுக்கிகளையும் துணியில் வரிசையாகப் பரப்புவான். வெறும் வயிற்றோடு கொண்டுவரப்பட்ட நாயையோ பூனையையோ மேஜையில் கிடத்தி மயக்க ஊசி போடுவார்கள். அறுப்பார்கள், தைப்பார்கள். கண் விழிக்கும்போது அந்தப் பிராணி, போன ஐப்பசியில் இறந்துபோன ஷண்முகப்ரியாவின் குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லும். அதன் பிறகு கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டி, தையலை நக்க விடாதீர்கள் என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஷண்முகப்ரியா பொன்ராஜின் ஒரே மகள், சேரனின் மனைவி. பொன்ராஜ் உடன்குடிக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்தார்கள். இவர் மட்டும் மாட்டு டாக்டருக்குப் படித்து, அரசு வேலையை விட்டுவிட்டு, மகள் பிறந்த வருடம் அவள் பெயரில் இந்தக் கிளினிக்கைத் திறந்தார். கீழே கிளினிக், மேலே வீடு. அவர் மனைவி சீக்கிரமே இறந்துவிட்டதால் ப்ரியா கீழேதான் வளர்ந்தாள். கிளினிக்கில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மயக்க ஊசி ஏறும்போது ஒருவர் பிராணியின் தலைமாட்டில் நின்று விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். காதுதான் கடைசியாகத் தூங்குகிறது, முதலில் விழிக்கிறது என்பார். டாக்டர் பேசக் கூடாது. டாக்டர் பல்ஸையும் மூச்சையும் மட்டும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து பேசுகிற வேலை ப்ரியாவுடையது. பால்காரன் வராதது, எதிர்வீட்டு மாமி மகள் காதல், மந்தைவெளி டிராஃபிக் என்று எல்லாவற்றையும் அவள் நாய்களின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் போன பிறகு நாய்கள் அவள் குரலில் பேசியபோது, குடுத்ததைத் திருப்பிக் குடுக்குதுங்க என்றார் ஆரோக்கியமேரி. இதற்கு மேல் யாரும் விளக்கம் தேடவில்லை. ஆரோக்கியமேரிக்கு ஒரே ஒரு வருத்தம்தான் இருந்தது. ப்ரியாவுக்குப் பின் தலைமாட்டில் நின்று பேசுவது அவருடைய வேலையாகியிருந்தது. “மூச்சு முட்டப் பேசறது நானு. முயிச்சிக்கினு அந்தப் பொண்ணு மாதிரி பேசுதுங்க. என்னாண்ட ஒரு வார்த்தை வாங்கிக்க மாட்டேங்குதே சார் இதுங்க.”

முதலில் பேசியது அபிராமபுரத்துப் பூனை ஒன்று. கருத்தடை முடிந்து கண்ணைத் திறந்து, “அப்பா, புது டாக்டருக்குக் கை நடுங்குது பாரு” என்றது. சேரன் உதவி மருத்துவனாகச் சேர்ந்த அன்று அவனைப் பார்த்து ப்ரியா சொன்ன முதல் வாக்கியம் அது. சேரன் கையிலிருந்த பஞ்சை வாளியில் போட்டான். பொன்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். பூனை வாந்தி எடுத்தது. அடுத்த நாள் ஒரு லாப்ரடார் அடுத்த வாக்கியத்தைச் சொன்னது. வாடிக்கையாளர்கள் இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். லாப்ரடாரின் சொந்தக்காரர் ராமானுஜம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. “பேசினது வாஸ்தவம்தான். ஆத்துக்கு வந்தும் பேசுமா?” என்று கேட்டார். பேசாது, மயக்கம் தெளியும்போது ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். “அப்போ சரி. எங்காத்துல பேசறவா ஏற்கெனவே ஜாஸ்தி” என்று நாயை அழைத்துக்கொண்டு போனார். கோடம்பாக்கத்திலிருந்து டாக்ஸண்ட் நாயோடு வந்த ஷீலா சினிமாவுக்குக் குரல் கொடுப்பவர். தன் நாய் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, வாயசைவு ஒட்டவில்லை, ஆனால் குரல் சுத்தமாக இருக்கிறது என்றார். மகனை இழந்த ஒரு பெண் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்து, இதை என் பையன் குரலில் பேச வைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார்கள். நாய்க்கு நகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாக்கியங்கள் வரிசையாக வருகின்றன என்பது சில வாரங்களில் புரிந்தது. அவள் பேசிய எல்லாம் வரவில்லை. நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று வந்தது. ஆனால் முன்னது முன்னால், பின்னது பின்னால் வந்தது. தை மாதத்தில் ஒரு பக் நாய் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னது. மாசியில் ஒரு முயல், திருமணத்துக்கு மறுநாள் காலை அவள் சொன்னதைச் சொன்னது. முயலின் சொந்தக்காரர்கள் அங்கே இருந்ததால் சேரன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். வரிசை என்று தெரிந்ததும் அவனுக்கு ஒன்று தெரிந்தது. இதற்கு ஒரு முடிவு உண்டு. கடைசியில் ஒரு கடைசி வாக்கியம் வரும்.

அந்தக் கடைசி வாக்கியம் என்ன என்று இருவருக்கும் தெரியாது. ப்ரியாவுக்கு டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகுதான் ரத்த அழுத்தம் இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரத்தில் அப்பாவும் கணவனும் உள்ளே விடப்பட்டார்கள். இருவரும் டாக்டர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று மானிட்டரைப் பார்த்தார்கள். தட்டணுக்கள் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். தலைமாட்டில் யாரும் நிற்கவில்லை. நாளைக்கு வரும்போது போன் சார்ஜர் எடுத்துட்டு வா என்றாள் ப்ரியா. சரி என்றான் சேரன். விடிவதற்குள் இறந்துவிட்டாள். அன்று பணியில் இருந்த நர்ஸ் மணிப்பூரிலிருந்து வந்த சின்னப் பெண். அவளுக்குத் தமிழ் வராது. நீங்கள் போன பிறகு உங்கள் மனைவி ஒரே ஒரு முறை பேசினார், என்னைப் பார்த்துத்தான் பேசினார், எனக்குப் புரியவில்லை, ஓகே ஓகே என்று சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். எப்படி ஒலித்தது, ஒரு சொல்லாவது நினைவிருக்கிறதா என்று சேரன் கேட்டான். அவள் முயன்று பார்த்துவிட்டு அழுதாள்.

அதனால் சேரன் அவசரப்பட்டான். சாதாரணமாக மருந்தில் பார்க்க வேண்டியதை அறுவைக்குத் தள்ளினான். பல் சுத்தம் செய்வதற்கு மயக்கம் கொடுத்தான். அதோடு, சீக்கிரம் முடியட்டும் என்று தெருநாய்களுக்கு இலவசக் கருத்தடையை ஆரம்பித்தான். நாய்களைக் கொண்டுவந்தவர் ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு. அவருடைய குடும்பம் அடையாற்றங்கரையில் இருந்தது. குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தபோது நாய்களை வண்டியில் ஏற்ற விடவில்லை. நாய்கள் இடிந்த சுவர்களிலேயே தங்கிவிட்டன. டில்லிபாபு தினமும் ஆட்டோவில் வந்து அவற்றுக்குச் சோறு வைத்தார். பின் சீட்டில் இரண்டு இரண்டாக ஏற்றிக்கொண்டு வந்து, “டாக்டரே, சவாரி வந்துக்கீது” என்று கத்துவார். சேரனுக்கும் ப்ரியாவுக்கும் இடையே நடந்த இரண்டாம் வருடச் சண்டைகள் முழுவதையும் அடையாற்றங்கரை நாய்கள் ஒரே வாரத்தில் சொல்லி முடித்தன. வாசலில் உட்கார்ந்து கேட்ட டில்லிபாபு ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்து, “தப்பா எடுத்துக்காத சார். அது சொல்றதுல ஒரு நாயம் கீது” என்றார்.

சித்திரையில் மயிலாப்பூரிலிருந்து அமீனா பீ தன் பாரசீகப் பூனையைப் பல் எடுக்கக் கொண்டுவந்தார். அதற்கு முந்தின நாள் ஒரு நாய், “ஒண்ணு கேக்கணும். நீ கோவப்படக் கூடாது” என்று சொல்லியிருந்தது. பூனைக்கு இதயம் பலவீனம். பல்லை எடுக்காமலும் இருந்திருக்கலாம். சேரன் மயக்கம் கொடுத்தான். பூனை கண் விழிக்கவே இல்லை. அமீனா பீ அதை வெள்ளைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, “பாவம், அதுக்கு வலிச்சிருக்காதுல்ல தம்பி?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் இன்னொரு நாய், “சரி விடு. சும்மாதான் கேட்டேன்” என்றது. நடுவில் இருந்த வாக்கியம் பூனையோடு போய்விட்டது. மேஜையில் இறக்கும் பிராணி தன் வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு போகும் என்று அப்போது தெரிந்தது. அவள் என்ன கேட்டாள் என்று சேரன் பல நாள் யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அப்போது அவன் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

பொன்ராஜ் ஒருநாள் மாடிப்படியில் அவனை நிறுத்தினார். எத்தனை வருடம் சென்னையில் இருந்தும் மனம் கலங்கினால் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். “மாப்ளே, ஏன் இந்த ஓட்டம் ஓடுதீய? பிள்ள இன்னும் பேசிக்கிட்டுத்தான இருக்கா.”

“எனக்கு அந்தக் கடைசி வார்த்தை வேணும் மாமா.”

“தெரிஞ்சு? அதுக்குப் பொறவு என்ன இருக்கு? ஒண்ணும் கெடையாது. எம்மவ வாய நீங்களே மூடப் பாக்கீய.”

அன்றிலிருந்து ஒரே கிளினிக்கில் இரண்டு டாக்டர்கள் எதிரெதிராக வேலை செய்தார்கள். சேரன் அறுவைக்கு எழுதிக் கொடுப்பான். பொன்ராஜ் வாசலில் மடக்கி வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். ஆனாலும் ஆனியில் அவள் காய்ச்சலில் படுத்த வாரம் வந்துவிட்டது. ஒரு நாட்டு நாய், “சும்மா தலைவலிதான்” என்றது. இன்னொன்று தண்ணீர் கேட்டது. ஆடி பிறந்த அன்று டில்லிபாபுவின் காதறுந்த நாய் ஒன்று கண்ணைத் திறந்து, நாளைக்கு வரும்போது போன் சார்ஜர் எடுத்துட்டு வா என்றது. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பொன்ராஜ் கையுறைகளைக் கழற்றினார். மயக்க மருந்து அலமாரியைப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

அதன் பின் தடுப்பூசி, பூச்சி மருந்து, நகம் வெட்டுதல் மட்டும் நடந்தன. இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். தேவையானதை ஆரோக்கியமேரி எடுத்துச் சென்றார். “சின்னவரு சாம்பாரு வேணுமான்னு கேக்கறாரு.” “பெரியவரு வேணாங்கறாரு.” “ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கினு என் உசுர வாங்காதீங்க.” சேரன் நண்பன் ஒருவனின் கிளினிக்குக்குப் போய் நான்கு நாய்களுக்கு அறுவை செய்து பார்த்தான். அங்கே அவை நாய்களாகவே கண் விழித்தன. வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். மழை ஆரம்பித்தது. ப்ரியாவின் வருடத் திதி வந்து போனது.

திதி கழிந்த வாரம், மதியம், டில்லிபாபு ஒரு நாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். ராணி என்று பெயர். ஆற்றங்கரை நாய்களில் அது மட்டும் யாருக்கும் பிடிபடாமல் இருந்து, கருத்தடையிலிருந்து தப்பியது. இப்போது வயிறு வீங்கியிருந்தது. பின்பக்கம் சீழ் வடிந்தது. அறை முழுவதும் நாற்றம். பொன்ராஜ் வயிற்றைத் தொட்டார், ஈறை அழுத்திப் பார்த்தார். கருப்பை முழுக்கச் சீழ். உடனே எடுக்காவிட்டால் இரவைத் தாண்டாது. வேப்பேரி போகும் வரைகூடத் தாங்காது.

இரண்டு டாக்டர்களும் நின்றார்கள். அறுத்தால் கடைசி வாக்கியம் வந்துவிடும், அதோடு எல்லாம் முடியும் என்று பொன்ராஜ் நின்றார். இந்த நாய் மேஜையிலேயே செத்துப்போகும், வாக்கியத்தைக் கொண்டுபோய்விடும் என்று சேரன் நின்றான். நாய் தரையில் படுத்து மூச்சு வாங்கியது.

“இன்னா நைனா, ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கினு கீறீங்க?” என்றார் டில்லிபாபு. “படம் காட்றாங்களா இங்க? நாயப் பாருங்க.”

ராமானுஜம் திருப்பதி போயிருந்ததால் அவருடைய லாப்ரடார் அன்று கூண்டில் இருந்தது. நல்ல ஆரோக்கியம். சேரன் கூண்டைப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பின் மாமனாரிடம் நேராகப் பேசினான். “மாமா, ராணி தாங்காது. முதல்ல இதுக்கு ஒரு சின்ன டோஸ் போட்டு எழுப்பிடலாம். அது சொல்லிடட்டும். அப்புறம் ராணியைப் பார்க்கலாம்.”

பொன்ராஜ் அவனைப் பார்த்தார். லாப்ரடாரைப் பார்த்தார். அது வாலை ஆட்டியது. ராணியின் நாக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. “அது முழிக்கிற வரைக்கும் இவ கெடப்பாளா?” என்றார். பிறகு வேட்டியை விலக்கிச் சாவியை அறுத்தெடுத்தார். “எம்மவ பேரச் சொல்லிக்கிட்டு நாம ரெண்டு பேரும் ஒரு நாயக் கொல்லப் பாக்கோம் மாப்ளே. தெறங்க. இவளுக்கே போடுங்க.”

ஆரோக்கியமேரி டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்ததால் தலைமாட்டில் நிற்க ஆளில்லை. பொன்ராஜ் தன் வாழ்நாளில் முதல் முறையாக அங்கே போய் நின்றார். என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. திருச்செந்தூரிலிருந்து உடன்குடி போகும் பஸ் எங்கெங்கே நிற்கும் என்று ராணியின் காதில் வரிசையாகச் சொன்னார். முடிந்ததும் திரும்பி வரும் பஸ்ஸைச் சொன்னார். சேரன் அறுத்தான். கருப்பை ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. வெளியே எடுத்துக் கிண்ணத்தில் வைத்தபோது இதயம் நின்றது. சேரன் மார்பை அழுத்தினான். டில்லிபாபு சுவரோரம் குந்தி, “அடியே ராணி, அடியே ராணி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதயம் திரும்பி வந்தது. தைத்து முடித்தார்கள். மேஜையைச் சுற்றி நான்கு பேரும் நின்றார்கள். வெளியே மழை விட்டிருந்தது. ராணி வாலை அசைத்தது, நாக்கை உள்ளே இழுத்தது, கண்ணைத் திறந்தது. பேசியது. நால்வரும் கேட்டார்கள்.

ராணி பிழைத்துக்கொண்டது. பெரும்பாக்கத்தில் லிஃப்டுக்குள் ஏற மறுத்ததால் டில்லிபாபு அதைத் திரும்ப ஆற்றங்கரையிலேயே விட்டார். அதன் பிறகு ப்ரியா பெட் கிளினிக்கில் எந்தப் பிராணியும் பேசவில்லை. விசாரித்தவர்களிடம் நின்றுவிட்டது என்றார்கள். மெட்ரோ தண்ணீர் நின்றதைக் கேட்டுக்கொள்வதுபோல அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அலமாரிக்கு இப்போது பூட்டு இல்லை. அறுவைகள் காலையில் நடக்கின்றன. சேரன் அறுக்கிறான், பொன்ராஜ் தலைமாட்டில் நின்று பஸ் நிறுத்தங்களைச் சொல்கிறார். சாப்பாட்டு மேஜையில் சாம்பார் வேண்டுமா என்று நேராகவே கேட்டுக்கொள்கிறார்கள். அன்று கேட்டதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அந்த மணிப்பூர் நர்ஸைத் தேடி சேரன் ஒருமுறை மருத்துவமனைக்குப் போனான். அவள் வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்தாள். ராணி அவர்கள் யாரையும் பார்க்காமல், டிரிப்ஸ் பாட்டிலைப் பிடித்திருந்த ஆரோக்கியமேரியின் பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாகச் சொன்னது இதுதான்:

“சிஸ்டர், உங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல? அதான் உங்ககிட்ட சொல்றேன். எனக்கு ரொம்ப பயமா இருக்கு.”